கணவாய் ஏறிய சமாதானத் தூதர்



கொங்கு நாட்டில் பங்குப் பணி செய்யும் எந்தக் குருவிடமும் ஏதாவது ஒரு நாள் இட்டேரித் தகராறு வந்து நிற்கும். அண்ணன் தம்பி இருவர், நடுவே ஒரு வரப்பு. வேலியை அரை அடி நகர்த்திவிட்டான் என்பார் ஒருவர். வண்டித்தடத்தை அடைத்துவிட்டான் என்பார் மற்றவர். சர்வேயர் வந்து அளந்திருப்பார். நீதிமன்றத்தில் பல வாய்தாக்கள் ஆகியிருக்கும். கடைசியில் சாமியாரை அழைத்துப் பேசச் சொல்வார்கள். அப்படிப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கண்டிருக்கிறேன். நான் என்ன பேசுகிறேன் என்பதை அவர்கள் முதலில் கவனிப்பதில்லை. யார் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்பதைத்தான் கவனிக்கிறார்கள்.

நாடுகளுக்கு நடுவே தூது போகிறவர்களுக்கும் இதே சோதனை உண்டு. ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன் நம் கரூர், ஈரோடு, சத்தியமங்கலம் வழியாக ஒரு கிறிஸ்தவ மறைப்பணியாளர் சமாதானத் தூதராகப் பயணம் செய்தார். தஞ்சைப் பகுதி மக்கள் இன்றும் சுவார்ட்ஸ் ஐயர் என்று அழைக்கும் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ்தான் அவர். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். ஆனால் 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய தன் ஏட்டில், பிற சபைச் சகோதரர்களிடம் விளங்கும் நன்மைகளை மகிழ்வோடு ஏற்கக் கற்றுக்கொடுத்தது. அந்த மனதோடு இவருடைய வாழ்வைப் பார்ப்போம்.

மூன்று நாடுகளின் மனிதர்

சுவார்ட்ஸ் 1726-ல் சொன்னன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அன்று அது பிரஷ்ய அரசரின் ஆட்சியில் இருந்தது. இந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் அங்கே திரும்பி வருவோம்.

குழந்தையாக இருக்கும்போதே அவர் தாயை இழந்தார். சாகும் முன் அந்தத் தாய் தம் மகனை இறைவனுக்கு அர்ப்பணித்திருந்தார். பின்னர் ஹாலே நகரில் கல்வி கற்றபோது, தமிழகத்தில் பணியாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சே தமிழ் விவிலியத்தை அச்சிடும் முயற்சியில் இருந்தார். அவருக்கு உதவுவதற்காகச் சுவார்ட்ஸ் தமிழ் படிக்கத் தொடங்கினார். அந்த அச்சு வேலை அங்கே நிறைவேறவில்லை. படித்த தமிழ் மட்டும் வீண் போகவில்லை. 1749-ல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் குருப்பட்டம் பெற்று, 1750-ல் டேனியர்களின் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். வந்த நான்கு மாதங்களுக்குள் தமிழில் மறையுரை ஆற்றினார்.

பிறப்பால் பிரஷ்யர், பட்டம் பெற்றது டென்மார்க்கில், 1760-களின் பிற்பகுதியில் சேர்ந்து உழைத்ததோ ஆங்கிலேய மறைப்பணிச் சங்கத்தோடு. திருச்சிராப்பள்ளியில் இருந்த ஆங்கிலேயப் படைக்கும் அவரே ஆன்மகுருவாக இருந்தார். அந்நாளில் ஐரோப்பாவில் எந்த இரு நாடுகள் மோதிக்கொண்டாலும் சோழமண்டலக் கரையில் பீரங்கி முழங்கியது. எங்கோ ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும், இங்கிலாந்தும் பிரான்சும் அடித்துக்கொள்ள, புதுச்சேரியும் திருச்சியும் எரிந்தன. 1763-ல் திருச்சிக் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகச் சுவார்ட்ஸ் பள்ளி தொடங்கினார். போர் எப்படியிருக்கும் என்பதை அவர் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் பார்த்தவர்.

தமிழோடு மராத்தி, இந்துஸ்தானி, பாரசீகம், போர்த்துகீசியம் ஆகிய மொழிகளையும் அவர் கற்றார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அரசரிடமும் பேசினார், ஆடு மேய்ப்பவரிடமும் பேசினார்.

கரூரில் ஒரு மாதம்

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். அன்று கோயம்புத்தூர், ஈரோடு, சத்தியமங்கலம் எல்லாம் மைசூர் ஆட்சியில் இருந்தன. மைசூரை ஆண்டவர் ஐதர் அலி. கிழக்கே திருச்சிப் பகுதி ஆற்காட்டு நவாபுக்கு உரியது. நவாபுக்குப் பின்னால் ஆங்கிலேயக் கம்பெனி நின்றது. இரண்டு நாடுகளுக்கும் நடுவே எல்லைக் கோட்டையாக இருந்தது அமராவதிக் கரையிலுள்ள கரூர். 1767 முதல் 1769 வரை நடந்த முதல் மைசூர்ப் போரில் கரூர் கைமாறிக் கைமாறி அல்லல்பட்டது. 1769 உடன்படிக்கையில், பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தருவது என்று முடிவாயிற்று. கரூர் மட்டும் ஐதரிடமே இருந்தது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணைக்கு வரவேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குள் மராத்தியர் மைசூர்மேல் பாய்ந்தார்கள். ஆங்கிலேயர் துணைக்கு வரவில்லை. ஐதர் அதை மறக்கவில்லை.

1778-ல் அமெரிக்க விடுதலைப் போரை முன்னிட்டு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மீண்டும் போர் மூண்டது. கடல் கடந்து ஏறி வந்த அந்தச் சண்டையில் ஆங்கிலேயர் அதே ஆண்டு புதுச்சேரியைப் பிடித்தனர். 1779 மார்ச்சில் மலபார் கரையில் பிரெஞ்சுக்காரரின் மாஹேயையும் பிடித்தனர். மாஹே என் பாதுகாப்பில் உள்ள இடம், அதைத் தொடாதீர்கள் என்று ஐதர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அவருக்கு வேண்டிய ஆயுதங்கள் அந்தத் துறைமுகம் வழியாகத்தான் வந்தன. பிரான்சும் இங்கிலாந்தும் தங்கள் பகையைத் தீர்த்துக்கொள்ள, கொங்கு எல்லையில் போர் மேகம் திரண்டது இப்படித்தான்.

இந்த நேரத்தில் சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்ட் சுவார்ட்ஸை அழைத்தார். ஐதரிடம் சென்று, ஆங்கிலேயர் சமாதானத்தையே விரும்புகிறார்கள் என்று சொல்லி, அவருடைய மனநிலையை அறிந்துவர வேண்டும். சுவார்ட்ஸ் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. செபித்து, யோசித்து, பிறகுதான் இசைந்தார். இரத்தம் சிந்துவதைத் தடுக்க முடியுமானால் தடுக்க வேண்டும். போகும் வழியெல்லாம் நற்செய்தி சொல்ல வாய்ப்பும் கிடைக்கும். கம்பெனியார் தமக்குச் செய்த உதவிகளுக்கு நன்றிக்கடனும் உண்டு. இவையே அவர் கண்ட காரணங்கள். கூடவே ஓர் உறுதியும் எடுத்தார். வழிச்செலவுக்கு மேல் ஒரு காசும், பரிசு என்ற பெயரில் ஒரு பொருளும் தம் கையில் படக்கூடாது. அன்று கம்பெனி அதிகாரிகள் பலர் அரசர்களிடம் பரிசு வாங்கியே பெரும் செல்வர்களாகிக் கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால்தான் அந்த உறுதியின் கனம் நமக்குப் புரியும்.

1779 ஜூலை தொடக்கத்தில் திருச்சியிலிருந்து புறப்பட்டுக் கரூர் வந்தார். எல்லையைத் தாண்ட ஐதரின் அனுமதி வேண்டும். ஏறத்தாழ ஒரு மாதம் கரூரிலேயே காத்திருந்தார். ஆகஸ்டில் அனுமதி கிடைத்ததும் ஈரோடு, சத்தியமங்கலம் வழியாகக் கெஜலட்டி கணவாயை நோக்கிப் போனார். இன்று நாம் மைசூருக்குப் போகும் திம்பம் மலைப்பாதைக்கு மேற்கே, மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய பழைய வழி அது. படைகளும் வணிகர்களும் போய்வந்த அந்த வழி காட்டுக் காய்ச்சலுக்குப் பேர்போனது. அதன் அடிவாரத்தில் காவலாக நின்ற தண்ணாயக்கன் கோட்டை இப்போது பவானிசாகர் அணைக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அணையில் நீர் நன்றாக வற்றும் ஆண்டுகளில் மட்டும் தலை காட்டுகிறது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். வழியில் பாலங்களும் சாலைகளும் பழுது பார்க்கப்பட்டுச் சீராக இருந்ததை வியந்து எழுதிவைத்தார். கணக்கில் தவறிய அதிகாரிகள் சவுக்கடி பட்டதையும் மறைக்காமல் எழுதினார். பகைவரிடம் உள்ள நன்மையைக் காணும் கண்ணும், தீமையைக் காணும் கண்ணும் அவருக்கு இருந்தன.

ஐதர் அவரை மரியாதையோடு வரவேற்று, விலையுயர்ந்த கம்பளத்தில் தம் அருகிலேயே உட்காரவைத்துப் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாத ஐதருக்கு ஆளை எடைபோடத் தெரியும். இந்த மனிதரிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று கண்டுகொண்டார். நகரில் தங்கியிருந்த நாள்களில், ஐதரின் படையில் பணியாற்றிய ஐரோப்பியர்களுக்குச் சுவார்ட்ஸ் வழிபாடு நடத்தினார். தடை ஏதும் வரவில்லை.

ஐதர் தம் குறைகளை ஒரு கடிதமாக எழுதவைத்துக் கொடுத்தார். ஆங்கிலேயர் உடன்படிக்கையை மீறியது, மாஹேயைத் தாக்கியது எல்லாம் அதில் இருந்தன. ஆயினும் சமாதானத்துக்கான கதவு இன்னும் முழுவதும் அடைபடவில்லை என்ற குறிப்பும் இருந்தது. புறப்படும்போது வழிச்செலவுக்கு என்று 300 ரூபாய் கொடுத்தார். மறுத்தால் அவமதிப்பாகும் என்பதால் சுவார்ட்ஸ் வாங்கிக்கொண்டார். சென்னைக்கு வந்ததும் அதை அப்படியே அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தஞ்சையில் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்கு அந்த 300 ரூபாயை முதலாக வைத்தார்.

தூது தோற்றது

கடிதம் சென்னைக்கு வந்தது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. சுவார்ட்ஸ் சமாதானம் பேசிக்கொண்டிருந்த அதே நாள்களில் கம்பெனிப் படை ஒன்று, குண்டூரைக் காவல் காக்க, ஐதரின் கடப்பைப் பகுதி வழியாக அனுமதி கேளாமல் போக முயன்றது. எல்லையின் ஒரு முனையில் சமாதானத் தூதர், மறு முனையில் எல்லையை மீறும் படை! ஆளுநர் உண்மையில் சமாதானத்தைத்தான் விரும்பினாரா, இல்லை ஐதரை வேவு பார்க்க ஒரு நல்லவரைப் பயன்படுத்திக்கொண்டாரா என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

1780 ஜூலையில் ஐதர் 80,000-க்கும் மேற்பட்ட படையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஊர்கள் எரிந்தன, மதகுகள் உடைந்தன, மாடுகள் ஓட்டிச்செல்லப்பட்டன. ஆனால் ஐதர் தம் தளபதிகளுக்கு ஓர் ஆணையிட்டிருந்தார். இந்தப் பாதிரியார் எங்கே போனாலும் தடுக்கக்கூடாது, அவருக்கு எந்தத் தீங்கும் நேரக்கூடாது. கம்பெனியின் கையெழுத்தை நம்பாத ஐதர், கம்பெனியின் தூதரை நம்பினார்.

80,000 கலம் நெல்

அந்த நம்பிக்கை எதற்குப் பயன்பட்டது என்பதைத் தஞ்சையில் பார்க்கிறோம். போரைத் தொடர்ந்து கொடிய பஞ்சம் வந்தது. கோட்டைக்குள் இருந்த படைக்கே சோறு இல்லை. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகளும் இருந்தன. குடியானவர்கள்தான் கொண்டுவர மறுத்தார்கள். முன்பு கொடுத்த நெல்லுக்கு அரண்மனை பணம் தரவில்லை. அதிகாரிகள் வழியிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். வாக்குறுதிகளை அள்ளி வீசியும் ஒரு வண்டிகூட வரவில்லை.

அரசர் துளஜா கடைசியில் உண்மையை ஒப்புக்கொண்டார். எங்கள் சொல்லை எவரும் நம்பவில்லை, சுவார்ட்ஸின் சொல்லை நம்புவார்களா பார்ப்போம் என்று அதிகாரத்தை அவரிடம் கொடுத்தார். பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஓரிரு நாள்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. சில நாள்களில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் உரிய பணத்தைச் சுவார்ட்ஸ் கொடுத்து முடித்தார். போருக்கு முன்பே விலை மலிவாக இருந்தபோது தாம் வாங்கிச் சேர்த்திருந்த அரிசியைக் கொண்டு, பசியால் வாடிய மக்களுக்கு மாதக்கணக்கில் கஞ்சி ஊற்றினார். பின்னாளில் அதிகாரிகளின் கொடுமை தாளாமல் தஞ்சை நாட்டை விட்டு வெளியேறிய குடிகளில் 7,000 பேர் அவர் வாக்கை நம்பித் திரும்பி வந்தார்கள்.

அந்த 300 ரூபாயையும் இந்த 80,000 கலத்தையும் சேர்த்துப் பாருங்கள். பரிசு வாங்காத கையை ஐதர் மட்டும் பார்க்கவில்லை. ஊர்க்காரர்களும் பார்த்திருந்தார்கள்.

மீண்டும் கொங்கு மண்ணில்

1782 டிசம்பரில் ஐதர் இறந்தார். மகன் திப்பு போரைத் தொடர்ந்தார். 1783 நவம்பரில் கர்னல் ஃபுல்லர்டனின் படை பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் பிடித்தது. அதே நேரத்தில் சென்னை ஆளுநர் மக்கார்ட்னி திப்புவிடம் சமாதானத் தூதுக்குழுவை அனுப்பினார். சுவார்ட்ஸும் அதில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். வயது 57. கால் நோவு வேறு. ஆயினும் மீண்டும் சத்தியமங்கலம் வரை வந்தார். இந்த முறை கணவாய் திறக்கவில்லை. திப்புவின் ஆள்கள் அவரை மேலே விட மறுத்தார்கள். திரும்பினார்.

ஃபுல்லர்டனைச் சந்தித்தபோது அவர் ஒரு செய்தியைக் கேட்டு வருந்தினார். உடன்படிக்கை கையெழுத்தாகும் முன்பே, பிடித்த இடங்களை விட்டுவிட்டுத் திரும்பும்படி படைக்கு ஆணை வந்திருந்தது. சமாதானம் உறுதியாகும் முன்னே ஈடாகக் கையில் இருப்பதை விடலாமா என்று அவர் கலங்கினார். சமாதானத்தை விரும்புகிறவர் உலக நடப்பு அறியாதவர் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அவர் கணக்கும் அறிந்தவர்.

1784 மார்ச் 11 அன்று மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கோயம்புத்தூர் திப்புவிடமே திரும்பியது. அந்தச் சமாதானம் ஆறு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1790-ல் மீண்டும் போர். 1791-ல் கோயம்புத்தூர்க் கோட்டை முற்றுகையிடப்பட்டது. 1799-ல் திப்பு வீழ்ந்தபின் நம் பகுதி கம்பெனியிடம் போயிற்று. அதைக் காணச் சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். சுவார்ட்ஸ் நல்லவராக இருந்ததால் கம்பெனிக்கு இலாபமே தவிர நட்டமில்லை. அவருடைய நற்பெயரின் நிழலில் கம்பெனி தன் காரியத்தைச் சாதித்துக்கொண்டது என்று குறை சொல்வோர் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நடுவே நிற்கிறவரின் நேர்மையை வலியவர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள். அந்த ஆபத்தை அறிந்தும்தான் அவர் போகவேண்டியிருக்கிறது.

துளஜா மன்னர் 1787-ல் இறக்கும் முன், தாம் தத்தெடுத்த பத்து வயதுச் சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். அந்தப் பிள்ளையின் உயிருக்கும் கல்விக்கும் அவர் காவலாக நின்றார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த இரண்டாம் சரபோஜி மன்னர் அவரே. 1798 பிப்ரவரி 13 அன்று, 71-ஆம் வயதில், சுவார்ட்ஸ் தஞ்சையில் உயிர் நீத்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். கிறிஸ்தவராகாத சரபோஜி தந்தையை இழந்த மகனைப் போல் அழுதார். கல்லறைக்கல்லில் பொறிக்க ஆங்கிலத்தில் கவிதையும் எழுதினார். மன்னர் அவர் கையைப் பற்றி நிற்கும் காட்சியை ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பத்தில் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் காணலாம்.

அவர் பிறந்த ஊர்

சொன்னன்பர்க் என்ற ஊரை நினைவில் வைக்கச் சொன்னேன். இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1945 ஜனவரி இறுதியில், அந்த ஊர்ச் சிறையில் இருந்த 800-க்கும் மேற்பட்ட கைதிகளை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். போருக்குப்பின் ஜெர்மனியின் எல்லை மேற்கே ஓடர் ஆற்றுக்கு நகர்த்தப்பட்டது. ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். போலந்து மக்கள் குடியேறினர். ஊரின் பெயரும் சுவோன்ஸ்க் என்று மாறியது. சுவார்ட்ஸ் பிறந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது.

அந்த எல்லையில் பகை ஆறப் பல ஆண்டுகள் பிடித்தன. முதல் அடியை எடுத்து வைத்தவர்களில் ஆயர்களும் உண்டு. 1965 நவம்பரில், வத்திக்கான் சங்கம் முடியும் தறுவாயில், போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மன்னிப்பை வழங்கினார்கள், தாங்களும் மன்னிப்புக் கேட்டார்கள். பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாக விளங்கிய கிராக்கோ பேராயர் கரோல் வொய்த்திவாவும் அதில் கையெழுத்திட்டவர். போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு சினந்தது. உறவுகளைப் போரில் இழந்த மக்களில் பலரும் முணுமுணுத்தார்கள். ஆயினும் 1970-ல் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் வார்சாவில் ஒப்பந்தம் செய்தன. 1972-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தப் புதிய எல்லைக்கு ஏற்ப மறைமாவட்டங்களை அமைத்தார். 1990 நவம்பரில் எல்லை முடிவாக உறுதி செய்யப்பட்டது. 2007-ல் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டன. அண்மை ஆண்டுகளில் குடியேறிகளைக் காரணம் காட்டி இரு நாடுகளும் தற்காலிகச் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன. எல்லைச் சமாதானம் ஒரு முறை கட்டிவிட்டு மறந்துவிடும் சுவர் ஆகாது. வரப்பைப் போல ஒவ்வொரு மழைக்கும் பின் மண் அணைக்க வேண்டும்.

ஆண்டவர் மலைப்பொழிவில் பேறுபெற்றோரின் வரிசையில் அமைதி ஏற்படுத்துவோரையும் வைத்தார். அமைதி ஏற்படுத்துவதில் வெற்றி பெற்றவர் என்று அவர் பிரிக்கவில்லை. சுவார்ட்ஸின் இரண்டு தூதுகளும் தோற்றன. முதல் முறை கடிதம் கொண்டுவந்தும் போர் வந்தது. இரண்டாம் முறை கணவாயே திறக்கவில்லை. ஆனால் அவருடைய சொல்லை நம்பி நெல் மூட்டை ஏற்றிய மாடுகள் தஞ்சைக் கோட்டைக்கு வந்தன. பசித்தவர்கள் உண்டார்கள்.

நம் பங்குகளிலும் தூது போகவேண்டிய இடங்கள் இருக்கின்றன. பேசாத அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். அடைத்த இட்டேரி இருக்கிறது. அங்கே போகிறவர் வெறுங்கையோடு போகட்டும், வெறுங்கையோடு திரும்பட்டும். வழக்கு அன்றே தீராமல் போகலாம். ஆனால் அடுத்த பஞ்ச காலத்தில் அந்த இரு வீட்டாரும் யாரை நம்பிக் கதவைத் திறப்பார்கள் என்பது அன்று முடிவாகிவிடும்.